வலது சக்கரக் குழியில் காய்ச்சல்

அன்று காலை ஆறு பத்துக்கு, தூத்துக்குடி விமான நிலையத்தின் மூன்றாவது நிறுத்தத்தில், ஷார்ஜா போக வேண்டிய விமானத்தின் வயிற்றுக்குக் கீழே நின்றவர்கள் ஐந்து பேர். கேப்டன் நூருல் அமீன், காயல்பட்டினத்துக்காரர். துணை விமானி எழிலி, வேலைக்கு வந்து எட்டு மாதம். நிலைய மேலாளர் பரமகுருநாதன். விமானம் பறக்கத் தகுதியானது என்று கையெழுத்திடும் தலைமைப் பொறியாளர் இக்னேசியஸ் கொரைரா, வயது அறுபத்திரண்டு. ஐந்தாவது ஆள் அவருடைய மகள் ரெஜினா கொரைரா; அவளும் பொறியாளர், உரிமம் பெற்று இரண்டு வருடம். வேறு யாரும் அங்கே இல்லை. தாங்களும் இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் அந்த நேரத்தில் கேன்டீனில் இட்லி தின்றுகொண்டிருந்தார்கள்.

எழிலி வலது கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகியிருந்தாள். வலது சக்கரம் மடங்கி உள்ளே போகும் குழிக்குப் பக்கத்தில், விமானத்தின் தோலில், அவளுடைய வெறும் உள்ளங்கை பதிந்திருந்தது. இரண்டு முறை எடுத்து, இரண்டு முறை வைத்துப் பார்த்துவிட்டாள்.

"சார், இங்க காய்ச்சல் அடிக்குது."

பரமகுருநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "காய்ச்சலா? ஒரு பாராசிட்டமால் குடுத்து அனுப்பிருவோமா?" என்று சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை. அவர் ஓட்டல் நிர்வாகத்திலிருந்து இந்த வேலைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"இந்த விமானத்தோட தோலு உசுருள்ளது சார்," என்றார் கேப்டன். "வளத்து எடுத்த தோல். கல்லு தெறிச்சாலும் பறவை மோதினாலும் தானே ஆறிக்கும். ஆறும்போது அந்த இடம் சுடும். அதத்தான் காய்ச்சல்ங்கிறோம்."

"ஆறுதுன்னா நல்லதுதான சார்?"

"எது பட்டு ஆறுதுன்னு தெரிஞ்சா நல்லது."

கொரைரா முன்னால் வந்தார். எழிலி கையை எடுத்து வழிவிட்டாள். அவர் தம் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்து, அந்த இடத்தில் வைத்தார். முதலில் மேலிருந்து கீழ். பிறகு இடமிருந்து வலம். வெளிக்காயம் என்றால் சூடு தேமல்போலப் பரந்திருக்கும். இது ஒடுங்கி நீண்டிருந்தது. ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலம்.

"இது எதையோ தின்னுட்டுக் கெடக்கு," என்றார்.

"தின்னுட்டா?" பரமகுருநாதனின் முகத்தில் இப்போது சிரிப்பில்லை.

"உள்ள ஏதும் பொருள் விழுந்து கெடந்தா, முள்ளு தச்ச எடத்துல சதை மூடுத மாதிரி தோல் அத மூடிக்கிடும். நாலஞ்சு நாள்ல இறுகிப் போயிரும். அதுக்குப் பொறவு சூடு இருக்காது. கைக்கும் தெரியாது, கருவிக்கும் தெரியாது."

"படம் எடுத்துப் பாக்க முடியாதா அண்ணாச்சி?"

"இடி தாங்கதுக்காகத் தோலுக்குள்ள செப்புக் கம்பி வலை ஓடுது. எந்தப் படத்துலயும் ஒண்ணும் விழாது. ஒண்ணு வெட்டிப் பாக்கணும், இல்ல விட்டுறணும்."

விட்டுவிடும் வழி எப்படிப்பட்டது என்று அங்கே நின்றவர்களில் நால்வருக்குத் தெரியும். ஏழு வருடத்துக்கு முன்னால் இதே வகை விமானம் ஒன்று கடலில் விழுந்தது. அதன் உடைந்த துண்டுகளை மேலே எடுத்தபோது, ஒரு துண்டின் தோலுக்குள் ஸ்பேனர் ஒன்று எலும்புபோல ஒட்டி வளர்ந்திருந்தது. அதன் பிறகுதான் சட்டம் வந்தது. விமானத்தின் தோலுக்குள் எதையாவது விட்டவருக்கு ஆயுளுக்கும் உரிமம் கிடையாது. அவர் பெயர் நாட்டின் எல்லா விமான நிலையங்களிலும், பயணிகள் பார்க்கும் இடத்தில், பத்து வருடம் பலகையில் ஓடும். தானே வந்து சொன்னாலும் அதுதான் தண்டனை, பிடிபட்டாலும் அதுதான். பயம் இருந்தால் தவறு நடக்காது என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்தார்கள். பயம் வந்தது. தவறைச் சொல்லும் ஆட்கள்தான் இல்லாமல் போனார்கள். பலகையில் அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த பதினெட்டுப் பெயர்களில் தானாக வந்து ஒப்புக்கொண்டவர் பெயர் ஒன்றுகூட இல்லை.

கேப்டன் நூருல் அமீன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "இந்தக் குழியக் கடைசியாத் திறந்தது யாரு?"

"நான்தான் சார்," என்றாள் ரெஜினா.

தயங்காமல்தான் சொன்னாள். ஆனாலும் அந்த இரண்டு சொற்களுக்குப் பிறகு எல்லோருடைய பார்வையும் ஒரு நொடி தன் மீது வந்து திரும்பியதைக் கொரைரா கவனித்தார். மகளைப் பார்க்காமல் அப்பனைப் பார்த்தார்கள்.

"பெரிய சோதனைக்காக மூணு நாள் ஹேங்கர்ல நின்னுச்சு," என்று ரெஜினா தொடர்ந்தாள். "திங்கக்கிழமை காலைல சக்கரத்த மடக்கி, எறக்கிச் சோதிச்சாச்சு. நல்லாத்தான் வேலை செஞ்சுது. அதுக்கப்புறம் பத்தே முக்காலுக்கு இந்தக் கதவத் திறந்தேன். சக்கரத்தப் பிடிச்சு நிறுத்துற பூட்டுத் தண்டுக்கு எண்ணெய் விட்டேன். பதினொண்ணு இருவதுக்கு மூடிட்டேன். மூணு கருவி எடுத்தேன், மூணும் திருப்பி வச்சேன்." கைக்கணினியை நீட்டினாள். கருவிப் பலகையின் படம் அதில் இருந்தது. ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவத்திலேயே ஒரு பள்ளம்; நாற்பத்தெட்டுப் பள்ளத்திலும் கருவி இருந்தது. ஒன்று குறைந்தாலும் ஹேங்கரிலிருந்து எந்த விமானமும் வெளியே வராது. இந்தத் தொழிலில் கோயில் உண்டியலை எண்ணுவதைவிடக் கவனமாக எண்ணப்படுவது அந்தப் பலகைதான்.

கொரைரா மூச்சு விட்டார். அதுவரை அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"கதவத் தொற," என்றார்.

ரெஜினா கதவைத் திறந்தாள். அவர் சிறு ஏணியில் ஏறித் தலையை உள்ளே விட்டார். இருட்டாக இருந்தது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது, பை காலி. வேறு சட்டையில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, "எழிலி, ஒன் டார்ச்சக் கொடும்மா," என்றார். எழிலி கொடுத்தாள். உள்சுவர் வழவழவென்று ஒரே சீராக இருந்தது. மேடு இல்லை, தழும்பு இல்லை. உள்ளே கிடப்பது எதுவானாலும் அதைத் தோல் இரண்டு பக்கமும் மூடிவிட்டது.

அவர் இறங்கும்போது ரெஜினா அவருடைய சட்டைப் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எவ்வளவு சூடு?" என்று கேட்டார் கேப்டன்.

எழிலி வெப்பமானியை வைத்தாள். "ரெண்டு புள்ளி ஒண்ணு டிகிரி கூட இருக்கு சார்."

"புத்தகத்துல?"

"மூணு வரைக்கும் பறக்கலாம்னு இருக்கு."

பரமகுருநாதன் இரண்டு கைகளையும் விரித்தார். "அப்ப என்ன அண்ணாச்சி? புத்தகமே போகலாம்ங்குது. நூத்தி எழுவத்தி நாலு பேரு உள்ள உக்காந்துருக்காங்க. பாதிப் பேரு நாளைக்கு வேலைல சேரணும். மரிய செல்வின்னு ஒரு நர்சுப் பொண்ணு, இன்னைக்கு ராத்திரியோட விசா முடியுதுன்னு காலைல நாலு மணியில இருந்து கவுண்டர விட்டு நகரல. நான் அதுகிட்ட என்னன்னு போயிச் சொல்ல? விமானத்துக்குக் காய்ச்சல், மேலுக்கு முடியலன்னா?"

"வெட்டினா எவ்வளவு நேரம்?" என்றார் கேப்டன்.

"வெட்ட அரை மணி. வெட்டுன காயம் ஆற முப்பது மணி நேரம். அதுவரைக்கும் பறக்கக் கூடாது."

"ஏழு இருவதுக்குள்ள சக்கரம் உருளலேன்னா என் டியூட்டி நேரமும் முடிஞ்சிரும்." கேப்டன் சற்று நெருங்கி வந்தார். குரலைத் தாழ்த்தவில்லை; மரியாதையைக் கூட்டினார். "கொரைரா சார், இந்த ஊர்லேந்து பத்து வருசமாப் பறக்கிறேன். வேற ஆள் கையெழுத்துன்னா இன்னொரு தடவ சுத்தி வந்து பாப்பேன். நீங்க போட்டா பாக்க மாட்டேன். பறக்கலாம்னு நீங்க சொன்னா, நான் ஏறி உக்காந்துருவேன்."

கொரைரா முதுகை நிமிர்த்தி நின்றார். அவருடைய அப்பா துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். முப்பத்தாறு வருடத்தில் ஒரு பெட்டியைக்கூடக் கீழே போட்டதில்லை. அவர் செத்தபோது, கப்பல் கம்பெனிக்காரன் கொழும்பிலிருந்து வந்து சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தான். இக்னேசியஸ் கொரைரா கையெழுத்திட்ட விமானங்கள் பதினாறாயிரத்துக்கும் மேல். ஒன்றுகூடப் பாதியில் திரும்பி வந்ததில்லை. கேப்டன் இதையெல்லாம் மனதில் வைத்துத்தான் சொன்னார். சாதாரணமாக இருந்தால் அந்தச் சொல் அவருக்கு இனித்திருக்கும்.

"பத்து நிமிசம் கொடுங்க," என்றார். "ரெஜினா, இங்க வா."

விமானத்துக்கு மின்சாரம் கொடுக்கும் வண்டி இடப்பக்கம் இரைந்துகொண்டு நின்றது. அதன் மறுபக்கம் போனால் பேசுவது யாருக்கும் கேட்காது. அவர் அங்கே போய் நின்று, மகளின் முகத்துக்கு நேராகக் கேட்டார்.

"என்னத்த விட்ட?"

"ஒண்ணும் விடல."

"கருவிப் பலகைல இல்லாத சாமான் ஏதும் கைல இருந்துச்சா? பேனா, மோதிரம், கொண்டை ஊசி? யோசிச்சுச் சொல்லு. சொன்னா நான் பாத்துக்கிடுதேன்."

"எப்படிப் பாத்துக்கிடுவீக?"

எப்படி என்று அவருக்கே தெரியும் முன்பு அந்தச் சொல் வந்துவிட்டது.

வேலை இடத்தில் ரெஜினா அவரை எப்போதும் சார் என்றுதான் கூப்பிடுவாள். இரண்டு வருடத்தில் ஒரு நாளும் தவறியதில்லை. இப்போது, "அப்பா," என்றாள்.

"அப்பா, ஒங்க டார்ச் எங்க?"

"வேற சட்டைல..."

"வேற சட்டைல இல்ல. செவ்வாக்கெழமையே அம்மா துணி துவைக்கும்போது தேடுனாங்க. பேன்ட்லயும் இல்ல, சட்டைலயும் இல்ல, எங்கயாவது விட்டுருப்பாருன்னாங்க." அவள் குரல் நடுங்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "திங்கக்கெழம நான் சாப்பிடப் போனதும் நீங்க இந்தக் கதவத் திறந்து பாத்தீகளா, இல்லியா?"

வண்டியின் இரைச்சல் அவருடைய காதுக்குள் ஏறியது.

"என்னட்டி சொல்லுத?"

"ரெண்டு வருசமா ஒவ்வொரு தடவையும் எம் பின்னால வந்து பாக்கீக. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீகளா? நான் திருகி மூடுன ஆணி, மறுபடி பாக்கும்போது என் திருப்பு மாதிரி இருக்காது. ஒங்க திருப்பு கொஞ்சம் இறுக்கம். காலைல வந்து பாத்ததும் தெரிஞ்சிரும். சரி, அப்பா மனசு கேக்கலன்னு இருந்துட்டேன்."

திங்கட்கிழமை அவருக்கு இப்போது முழுவதும் நினைவுக்கு வந்தது. மதியம் பன்னிரண்டரை. ஹேங்கரில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அவர் கதவைத் திறந்தார். பதிவேட்டில் எழுதவில்லை, எழுதினால் மகளின் கையெழுத்துக்கு மேல் அப்பனின் கையெழுத்து ஏன் வந்தது என்று நாலு பேர் கேட்பார்கள். கொரைரா வீட்டுப் பெண் வேலை சரியில்லை என்று ஒரு பேச்சு வரக் கூடாது. தப்பும் வரக் கூடாது. அதற்காகத்தான் அந்தத் திருட்டுப் பார்வை. டார்ச்சை உள் விளிம்பில், பூட்டுத் தண்டு சுவருக்குள் நுழையும் இடத்தில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் தண்டைத் தொட்டுப் பார்த்தார். எண்ணெய் சரியாக விடப்பட்டிருந்தது. அப்போது காலடிச் சத்தம் கேட்டது. சட்டென்று கதவை மூடி, ஆணியை இறுக்கி, மேல்கூரையைப் பார்ப்பவர்போல நின்றார். வந்தவன் தண்ணீர் கேன் போடுகிறவன்.

பதிவு இல்லாத வேலை. எண்ணப்படாத சாமான்.

"அந்த டார்ச்சுல பேரு இருக்கா?" என்று ரெஜினா கேட்டாள்.

"இல்ல. கடைல வாங்குனதுதான்."

"அப்ப வெட்டினா எம் பேருலதான் வரும். பதிவுல நான் மட்டும்தான் இருக்கேன்." அவள் தலையை ஆட்டிக்கொண்டாள், ஒரு கணக்குச் சரியாக வந்ததுபோல. "வெட்டாம அனுப்பினா ஒருத்தர் பேருலயும் வராது."

"ரெஜி..."

"நான் போயி ஒங்களச் சொல்ல மாட்டேன்ப்பா. நீங்க பறக்கலாம்னு போட்டாலும் வாய் திறக்க மாட்டேன். ஆனா அந்த விமானம் எறங்கிருச்சுன்னு சேதி வாரவரைக்கும் நான் அம்மா மொகத்துல முழிக்க மாட்டேன். அதுக்கப்புறம் ஒங்ககூட ஒரு மேசைல உக்காந்து சாப்பிடவும் மாட்டேன். அவ்வளவுதான்."

அவள் முன்னால் நடந்து போனாள். அவர் பின்னால் போனார். அந்த முப்பதடி தூரத்தை அவர் எப்படி நடந்தார் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொன்னதில்லை.

விமானத்தின் கீழே எழிலி மறுபடியும் வெப்பமானியை வைத்திருந்தாள். "ரெண்டு புள்ளி அஞ்சு," என்றாள். அவளுடைய கண் கேப்டன் மீது இருந்தது. கேப்டனின் கண் கடிகாரத்தில் இருந்தது. மணி ஆறு நாற்பத்தாறு.

"மூணுக்குள்ளதான இருக்கு," என்றார் பரமகுருநாதன். அவர் கைக்கணினியைக் கொரைராவிடம் நீட்டினார். திரையில் பச்சையும் சிவப்புமாக இரண்டு கட்டம். பறக்கலாம். நிறுத்து. எந்தக் கட்டத்தில் கட்டைவிரலை வைக்கிறாரோ அது சட்டம்.

கொரைரா கணினியை வாங்கினார். விரல் முதலில் பச்சைக் கட்டத்தின் பக்கம்தான் போனது. புத்தகம் அனுமதிக்கிறது. டார்ச் என்பது கைவிரல் கனம். சுவருக்குள் கிடந்து இறுகிப்போகும். ஆயுசுக்கும் யாருக்கும் தெரியாது. கொரைரா என்ற பெயர் நாளைக்கும் இன்றைக்கு இருப்பதுபோலவே இருக்கும். ஆனால் அந்தச் சுவருக்குப் பின்னால்தான் பூட்டுத் தண்டு ஓடுகிறது. தோல் எதையெல்லாம் பற்றிக்கொண்டு மூடுகிறது என்று வெளியே நின்று எவனும் சொல்ல முடியாது.

இன்னொரு எண்ணமும் அவருக்கு வந்தது. வந்ததை மறைக்க வேண்டியதில்லை. நிறுத்து என்று விரலை வைத்துவிட்டு, வேறெதுவும் பேசாமல் இருந்தால் போதும். வெட்டுவார்கள், டார்ச் வரும், பதிவேடு தானாகப் பேசும். உயிர்கள் பிழைக்கும். தலைமைப் பொறியாளர் தன் மகள் என்றும் பாராமல் விமானத்தை நிறுத்தினார் என்று ஊர் அவரை இன்னும் உயரத்தில் வைக்கும். அந்த எண்ணம் அவர் மனதில் எவ்வளவு நேரம் நின்றது என்றால், எழிலி வெப்பமானியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றும் நேரம்.

ரெஜினா அவரைப் பார்க்கவில்லை. திறந்திருந்த கதவின் ஆணிகளை உள்ளங்கையில் வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவர் சிவப்புக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"அண்ணாச்சி!" என்றார் பரமகுருநாதன்.

"பொறுங்க. இன்னும் இருக்கு." கொரைரா கணினியைத் திருப்பிக் கொடுத்தார். கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டார். "திங்கக்கிழமை பன்னெண்டரைக்கு நான் இந்தக் கதவத் திறந்தேன். பதிவு பண்ணல. என் டார்ச்ச உள்ள வச்சுட்டு மூடிட்டேன். உள்ள கெடக்கது அதுதான். ரெஜினாவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

மேலே விமானத்துக்குள் ஒரு குழந்தை அழுவது கேட்டது.

கேப்டன் நூருல் அமீன்தான் முதலில் அசைந்தார். "கொரைரா சார், நீங்க நிறுத்துன்னு போட்டுட்டீங்க. அது போதும். உள்ள என்ன இருக்குன்னு இன்னும் யாரும் பாக்கல. இப்பச் சொன்னத நான் கேக்கல. எழிலியும் கேக்கல."

எழிலி தரையைப் பார்த்தாள்.

"கேட்டீங்க," என்றார் கொரைரா. "மூணு பேரும் கேட்டீங்க. பரமகுரு, எழுதுங்க."

"நானா?" ஒரு நிமிடத்துக்கு முன்னால் விமானத்தைக் கிளப்பத் துடித்த பரமகுருநாதன், இப்போது கணினியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "அண்ணாச்சி, எனக்கு இந்த வேலையே முழுசாத் தெரியாது. நான் எழுதுனா ஒங்க பேரு பலகைல போயிரும். எங்கையால நான் எப்படி..."

"நிலைய மேலாளர்தான் எழுதணும்னு சட்டம். நான் சொல்லுதேன், நீங்க எழுதுங்க. நேரம் ஆறு அம்பத்திரண்டு. மொதல்ல நேரத்தப் போடுங்க."

பரமகுருநாதன் எழுதினார். இரண்டு இடத்தில் தப்பாக எழுதி, அழித்து எழுதினார்.

ஒப்புக்கொண்ட நிமிடத்திலிருந்து அந்த விமானத்தைத் தொடும் உரிமை கொரைராவுக்கு இல்லை. அவர் மஞ்சள் கோட்டுக்கு வெளியே போய் நின்றார். அந்த நிலையத்தில் அந்த நேரத்தில் உரிமம் உள்ள பொறியாளர் இன்னொருவர்தான் இருந்தார். ரெஜினா வெட்டும் கத்தியை எடுத்தாள். எடுத்ததைப் பதிவு செய்தாள். எழிலி ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

தோல் எளிதில் வழிவிடவில்லை. ஒரு சாண் கீறி, ஓரத்தை விரித்துப் பிடித்தபோது, உள்ளேயிருந்து வெள்ளையாக வெளிச்சம் வந்தது. டார்ச் அணையவில்லை. மூன்று நாளாகத் தோலுக்குள் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. எழிலி தன்னையறியாமல் ஒரு அடி பின்னால் வந்தாள்.

"இருங்க," என்றாள் ரெஜினா. கையை உள்ளே விட்டாள். டார்ச்சை இழுத்தாள், வரவில்லை. முகத்தை நெருக்கிப் பார்த்தாள். பிறகு கேப்டனைக் கூப்பிட்டாள். "சார், நீங்களே வந்து பாருங்க."

தோல் டார்ச்சை மட்டும் மூடவில்லை. டார்ச்சைப் பற்றி, அது சாய்ந்து கிடந்த பூட்டுத் தண்டையும் பற்றி, இரண்டையும் ஒரே சதையாகச் சுற்றி வளர்ந்திருந்தது. தண்டின் மேல் நான்கு விரல் நீளத்துக்கு அது ஏறிவிட்டது. வேருக்குள் கல் அகப்பட்டதுபோல இருந்தது.

"கெளம்புனதும் சக்கரம் மடங்கியிருக்கும்," என்றாள் ரெஜினா. "சக்கரம் மடங்கும்போது இந்தத் தண்டு இந்தப் பக்கம்தான் வரும், அதனால எதுவும் இழுத்துப் பிடிக்காது. மேல குளிர்ல இது இறுகும். எறக்கும்போது தண்டு நகராது, சக்கரம் கீழ வராது."

கேப்டன் நூருல் அமீன் கீழே இறங்கினார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்ற கொரைராவிடம் போனார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். "டீ குடிக்கிறீங்களா சார்?" என்பதுதான் வந்தது.

"வேண்டாம்," என்றார் கொரைரா.

விமானம் முப்பத்து மூன்று மணி நேரம் கழித்துப் போனது. மரிய செல்வியின் விசா முடிந்துவிட்டது. அவள் விமானக் கம்பெனிக்கு ஒரு புகார் எழுதினாள். கடைசியில், தன் வாழ்க்கையைக் கெடுத்த பொறியாளர் என்று கொரைராவின் பெயரைக் குறித்திருந்தாள். அந்தக் கடிதத்தின் நகல் அவருக்கும் வந்தது. அதை அவர் முழுவதும் படித்தார். பதில் எழுத உரிமை இல்லை என்று வக்கீல் சொன்னார்.

விசாரணை ஒரே நாளில் முடிந்தது. மறைக்க எதுவும் இல்லாததால் கேட்கவும் அதிகம் இல்லை. தலைவராக இருந்த அம்மையார் ஒரு கேள்வி மட்டும் கூடுதலாகக் கேட்டார். "இரண்டு வருடத்தில் எத்தனை முறை இப்படி உங்கள் மகளின் வேலையைப் பதிவில்லாமல் பார்த்தீர்கள்?"

"அறுபத்தொரு தடவ."

"எத்தனை தவறு கண்டுபிடித்தீர்கள்?"

"ஒண்ணும் இல்ல."

ரெஜினா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பதிலைக் கேட்டபோது அவள் எழுந்து வெளியே போனாள். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

பத்தொன்பதாவது பெயராகக் கொரைரா பலகையில் ஏறினார். தூத்துக்குடி நிலையத்தில் அந்தப் பலகை பாதுகாப்புச் சோதனைக்கு அடுத்தாற்போல் இருக்கிறது. ரெஜினா வேலைக்குப் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். முதல் வாரத்தில், வெளியூரிலிருந்து வந்த ஓர் இளம் கேப்டன் அவளுடைய கையெழுத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கினான். "நீங்க அந்தக் கொரைராவா?"

"அவரு மக," என்றாள். "நீங்களும் ஒரு தடவ சுத்தி வந்து பாத்துருங்க."

அவன் சுற்றிப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. வீட்டில், இரவுச் சாப்பாட்டுக்கு அவள் அப்பாவின் எதிரே உட்கார்ந்தாள். இரண்டு பேரும் வேலையைப் பற்றிப் பேசவில்லை. மீன் குழம்பில் உப்புக் கூடிப்போனதைப் பற்றி இரண்டு பேருமே பேசினார்கள்; அம்மாவிடம் திட்டும் வாங்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பனிமய மாதா கோயில் வாசலில் ஆட்கள் வந்து கொரைராவின் கையைப் பிடிக்கிறார்கள். பலகையில் ஏறிய ஒருவனுக்கு இவ்வளவு மரியாதை ஏன் என்று முதலில் அவருக்கு விளங்கவில்லை. பெத்த மனசு அண்ணாச்சி, வேற யாருக்கு வரும் என்று ஒருவர் கண் கலங்கியபோதுதான் விளங்கியது. அவரிடம் கொரைரா உண்மையைச் சொன்னார். அந்த ஆள் சிரித்துத் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வந்தவர்களிடமும் சொன்னார். சொல்லச் சொல்ல அந்தப் பேச்சு வளர்கிறது.

மகள் செய்த தவறை இக்னேசியஸ் கொரைரா தம் தலையில் ஏற்றுக்கொண்டார் என்று தூத்துக்குடியில் சொல்கிறார்கள். அது பொய். டார்ச் அவருடையது. அதை உள்ளே விட்டவரும் அவர்தான். ரெஜினா கொரைரா அன்று எடுத்தது மூன்று கருவி. மூன்றையும் எண்ணித் திருப்பி வைத்திருந்தாள்.